தோற்பதற்காகவே மேடை ஏறியவர்: சன்ரீனோ மரெல்லாவை எமது பிள்ளைகள் ஏன் மறக்கவில்லை?

எமது வீடுகளில் இப்போது முப்பது வயதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம் ‘கோப்ரா’ என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லிப் பாருங்கள். வலது கையை முழங்கையில் மடக்கி நிமிர்த்துவார்கள். மணிக்கட்டு வளையும். விரல்கள் குவிந்து பாம்பின் தலையாகும். பிறகு அந்தக் கை பக்கத்தில் நிற்பவரின் தொண்டைக்குழியை நோக்கிப் பாயும். வங்கியில் அதிகாரியாக இருக்கும் பிள்ளையும் இதைச் செய்யும், இரண்டு குழந்தைகளுக்குத் தாயான பிள்ளையும் செய்யும். கலியாண வீடுகளில் மாப்பிள்ளையின் தோழர்கள் படம் எடுக்க நிற்கும்போது இந்தக் கை எழும்புவதை நாமே கண்டிருக்கிறோம். பெரியவர்களுக்கு ஒன்றும் விளங்குவதில்லை.

இந்தப் பாம்புக் கைக்குச் சொந்தக்காரர் சன்ரீனோ மரெல்லா. 2007 முதல் 2014 வரை டபிள்யூ.டபிள்யூ.ஈ என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனத்தில் ஆடியவர். பெரிய நட்சத்திரம் அல்ல. உலகப் பட்டம் ஒருநாளும் வென்றதில்லை. பெரும்பாலும் தோற்றார், அதுவும் சிரிப்புக்கிடமாகத் தோற்றார். ஆனால் அதே காலத்தில் பட்டத்தைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்த சிலரின் பெயரைப் பிள்ளைகள் யோசித்துத்தான் சொல்கிறார்கள்; இவரைப் பற்றிக் கேட்டால் உடனே சிரிப்பு வருகிறது. அது ஏன் என்பதை, அந்த நிகழ்ச்சிகளைப் பார்க்காத பெற்றோருக்கு விளங்கும்படி சொல்லிப் பார்க்கலாம் என்று நினைக்கிறோம்.

பார்க்காத பெற்றோர் என்று நாம் சொல்வது குறையாக அல்ல. முக்கிய நிகழ்ச்சி திங்கட்கிழமை இரவில் வரும். அந்த நேரத்தில் எம்மில் பலர் இரண்டாவது வேலையில் நின்றோம். ஊரில் வணிகவியல் பட்டம் எடுத்தவர்களும் உணவகத்தின் பின்புறத்தில் கோப்பை கழுவிய காலம் அது. வீட்டில் நின்ற ஒன்றிரண்டு நாட்களில் தொலைக்காட்சியை எட்டிப் பார்த்து, “இது பொய்ச் சண்டையெல்லோ, இதைப் போய்ப் பாக்கிறியளோ” என்று கேட்டிருப்போம். “பொய் எண்டு தெரியும் அப்பா” என்று, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே பதில் வந்திருக்கும்.

அந்தப் பதில் சரியானதுதான். தொழில்முறை மல்யுத்தத்தில் யார் வெல்வது என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கும். பார்ப்பவர்களுக்கும் அது தெரியும். கோவில் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்த எமக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அபிமன்யு வியூகத்துக்குள்ளே சாகப்போகிறான் என்று தெரிந்துகொண்டுதானே பாயை விரித்து இருந்தோம். முடிவு எழுதப்பட்டிருந்தாலும் விழுகிற உடம்பு உண்மையானது. மேடைப் பலகையில் முதுகு அடிபடுவதும், கழுத்து எலும்பு தேய்வதும், இருபது வருடம் ஆடியவர் ஐம்பது வயதில் நிமிர்ந்து நடக்கமுடியாமல் இருப்பதும் நடிப்பல்ல.

ஒரு மாலையில் ஏழெட்டுச் சண்டைகள் இருக்கும். அவை கண்டபாட்டுக்கு அடுக்கப்படுவதில்லை. கடைசியில் வருவது அன்றைய பெரிய சண்டை. சுவரொட்டியில் படம் வருவதும் அவர்களுக்குத்தான், கூடுதல் சம்பளமும் அவர்களுக்குத்தான். தொடக்கத்தில் புதியவர்கள் வருவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது. வருடக்கணக்காக வேலை செய்வார்கள், எல்லாருக்கும் முகம் தெரியும், ஆனால் கடைசிச் சண்டைக்கு ஒருபோதும் அழைக்கப்பட மாட்டார்கள். இவர்களை நடுவரிசைக்காரர் என்று சொல்லலாம். அலுவலகங்களில் வேலை பார்க்கும் எம்மவர்களுக்கு இந்த வரிசையை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கணக்காளர் கண்ணால் பார்த்தால் இது ஓர் இரட்டைப் பதிவு ஏடு. ஒரு பக்கத்தில் வெற்றி என்று எழுதினால் மறுபக்கத்தில் தோல்வி என்று யாருடைய பெயரிலாவது எழுதியே ஆகவேண்டும். நாயகன் ஒவ்வொரு வாரமும் வெல்லவேண்டுமென்றால் ஒவ்வொரு வாரமும் தோற்க ஒருவர் வேண்டும். சிக்கல் என்னவென்றால், தோற்கத் தோற்க ஒரு மல்லரின் மதிப்புக் குறையும். மூன்று மாதம் தொடர்ந்து தோற்றவரை நாலாம் மாதம் வென்றால் யாருக்கு என்ன பெருமை? எந்திரத்துக்குத் தேய்மானம் எழுதுவதுபோல் அவருக்கும் எழுதவேண்டியதுதான். ஆனால் ஒரே ஒரு வகை ஆளுக்கு இந்தத் தேய்மானம் கிடையாது. அவர்தான் கோமாளி. நூறு தடவை தோற்றாலும் நூற்றியோராவது தடவை அவர் நடந்து வரும்போது சனம் சிரிக்கத் தயாராக இருக்கும். நிறுவனத்தின் ஐந்தொகையில் மதிப்பிழக்காத சொத்து என்று ஏதாவது இருந்தால் அது இவரைப் போன்றவர்தான். இரண்டு கனமான சண்டைகளுக்கு நடுவே சனத்தை இளைப்பாற வைப்பதும் இவர் வேலை. கூத்தில் கட்டியகாரனும், எமது இசை நாடகங்களில் பபூனும் செய்தது இதே வேலைதான்.

சன்ரீனோ மரெல்லாவின் உண்மைப் பெயர் அன்ரனி கரெல்லி. இத்தாலியில் பிறந்தவர் அல்ல. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், எம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வீடு வாங்கிக் குடியிருக்கும் அதே மிசிசாகாவில் பிறந்து வளர்ந்த இத்தாலிய வழிவந்த கனடியர். சிறு வயது முதல் ஜூடோ பழகியவர். யப்பானுக்குச் சென்று, அடியும் பிடியும் உண்மைக்கு மிக நெருக்கமாக இருக்கும் ‘பற்லார்ட்ஸ்’ என்ற மல்யுத்தக் கூடத்தில் பயிற்சி எடுத்தவர். அதாவது கோமாளி வேடம் போட்ட இந்த மனிதர், அதே உடைமாற்றும் அறையில் இருந்த பலரை உண்மையாகவே மடக்கிப் போடக்கூடியவர். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படிக்கவேண்டும்.

டபிள்யூ.டபிள்யூ.ஈ தனது புதிய ஆட்களை அக்காலத்தில் கென்ரக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் பழக்கியது. அங்கே கரெல்லிக்குக் கொடுத்த வேடம் போரிஸ் அலெக்சியேவ் என்ற ரஷ்யச் சண்டைக்காரன். மிசிசாகா இத்தாலியப் பிள்ளைக்கு ரஷ்யப் பெயர்! அங்கே நடந்த ஒரு சம்பவமும் மல்யுத்த உலகில் பிரபலம். 2005 இல், பூதம் போல வேடமிட்ட ஒரு மல்லர் வரும்போது பார்வையாளர் பக்கத்தில் இருந்த இவர் பயப்படவேண்டும். இவர் சிரித்துவிட்டார். பொறுப்பாளர் பிறகு இவரைக் கன்னத்தில் அறைந்தார். அறைந்தவர் அந்த வேலையை இழந்தார். சிரித்ததற்காக அடிவாங்கியவர் பின்னர் சிரிக்க வைத்தே சீவித்தார்.

2007 ஏப்ரல் 16 அன்று நிறுவனம் இத்தாலியின் மிலான் நகரில் நிகழ்ச்சி நடத்தியது. நிறுவன முதலாளி மேடையில் நின்று, பார்வையாளர்களில் யாருக்காவது தைரியம் இருந்தால் வந்து உமாகாவுடன் மோதலாம் என்று சவால் விட்டார். உமாகா அப்போது இன்ரர்கொன்ரினென்ரல் பட்டத்தை வைத்திருந்த மலை போன்ற மனிதர். கூட்டத்திலிருந்து ஓர் இத்தாலிய இளைஞர் எழுந்து வந்தார். பொபி லாஷ்லி என்ற இன்னொரு மல்லர் இடையில் புகுந்து உமாகாவை அடித்துச் சாய்க்க, இந்த இளைஞர் மேலே விழுந்து அமத்திப் பட்டத்தை வென்றுவிட்டார். அரங்கம் அதிர்ந்தது. ஊர்ப் பொடியன் ஒருவன் முதல் நாளே பட்டக்காரன்! அந்த ‘ஊர்ப் பொடியன்’ கனடாக் கடவுச்சீட்டுடன் வந்து இறங்கியவர்.

ஒரே ஆள் ஒரு நாட்டில் ரஷ்யனாகவும் இன்னொரு நாட்டில் இத்தாலியனாகவும் நிற்பதைப் பார்த்து எம்மவர்கள் சிரித்தால் அதற்கு வேறொரு காரணமும் உண்டு. வேறொருவரின் பெயரில், வேறொருவரின் பிறந்த திகதியைப் பாடமாக்கிக்கொண்டு விமானம் ஏறியவர்கள் எமக்குள் எத்தனை பேர்! பின்னாளில் சன்ரீனோவின் கூட்டாளியாக வந்த விளாடிமிர் கோஸ்லோவும் இதே கதைதான். மொஸ்கோக்காரர் என்று அறிவிப்பார்கள். உண்மையில் அவர் உக்ரேனின் கீவ் நகரில் பிறந்தவர். மல்யுத்த நிறுவனத்துக்கு வரைபடம் ஒரு பொருட்டல்ல.

மிலானில் வென்ற பட்டம் யூலை 2 இல் உமாகாவிடமே திரும்பிப் போனது. முதலில் அவரை நல்லவராகவே வைத்திருந்தார்கள், அது எடுபடவில்லை. பின்னர் தற்பெருமை பேசும் பொறாமைக்காரனாக மாற்றினார்கள். அங்கேதான் கரெல்லி தன் சரக்கைக் கண்டுபிடித்தார். ஆங்கிலச் சொற்களை உடைத்தார். மற்ற மல்லர்களின் பெயர்களைத் திரித்தார். புகழ்பெற்ற ஸ்ரோன் கோல்ட் ஸ்ரீவ் ஒஸ்ரின் நடித்த ‘த கொண்டெம்ட்’ என்ற படம் எவ்வளவு மோசமானது என்று 2007 இல் வாரக்கணக்காகப் பேசித் திரிந்தார். ஒஸ்ரினே நேரில் வந்து அடி போட்டு, அவருக்குப் பியராலே குளிப்பாட்டியபோதுதான் அந்தப் பேச்சு ஓய்ந்தது.

அடுத்த வருடம் இவரைப் பெண் மல்லரான பெத் பீனிக்ஸ் மேடையில் வைத்து வென்றார். பிறகு இருவரும் சோடி சேர்ந்தார்கள். பெத் பீனிக்ஸ் ஆண்களைத் தூக்கித் தோளில் போடக்கூடிய பலசாலி. அவரின் நிழலில் இவர் நெஞ்சை நிமிர்த்தி நடப்பார். 2008 ஓகஸ்ட் 17 அன்று சமர்சிலாம் நிகழ்ச்சியில் இந்தச் சோடி வென்றபோது, இன்ரர்கொன்ரினென்ரல் பட்டம் இரண்டாம் முறை இவருக்கு வந்தது. வேலையை முடித்தது பெரும்பாலும் பெத் பீனிக்ஸ்தான். ஆனால் அதன் பிறகு இவர் செய்ததுதான் பிள்ளைகள் இன்றும் சொல்லிச் சிரிப்பது. அந்தப் பட்டத்தை அதிக நாள் வைத்திருந்த சாதனை ஹொங்கி ரொங்க் மான் என்பவருடையது: 1987 யூன் முதல் 1988 ஓகஸ்ட் வரை 454 நாட்கள். அதை முறியடிக்கப்போகிறேன் என்று சொல்லி, சன்ரீனோ வாரா வாரம் ஓர் அளவுகோல் படத்துடன் வரத் தொடங்கினார். அதற்கு ‘ஹொங்க்-அ-மீற்றர்’ என்று பெயர். ஒரு பக்கம் 454, மறுபக்கம் தன்னுடைய நாட்கள். முதல் வாரம் 8, அடுத்த வாரம் 15. அவ்வளவு பெருமையுடன் அந்தச் சிறிய எண்ணைச் சுட்டிக்காட்டுவார். கணக்கு வேலை செய்யும் எமக்கு இதைவிடப் பகிடி வேறில்லை. இலக்கில் நூற்றுக்கு இரண்டு வீதம் முடித்துவிட்டு இயக்குநர் சபைக்கு முன்னால் வரைபடம் காட்டும் முகாமையாளர்களை நாமும் பார்த்திருக்கிறோம். நவம்பர் 10 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்ரர் நகரில் வில்லியம் ரீகல் இவரை மிகக் குறைந்த நேரத்தில் தோற்கடித்தார். அளவுகோல் 85 இல் நின்றது.

அடுத்தது 2009 ஜனவரி 25, டெற்றோயிற். ரோயல் ரம்பிள் என்ற சண்டையில் முப்பது பேர் ஒருவர் பின் ஒருவராக மேடைக்கு வருவார்கள்; மேல் கயிற்றுக்கு மேலால் வெளியே எறியப்பட்டவர் வீட்டுக்குப் போகலாம். சன்ரீனோ 28 ஆம் ஆளாக ஓடி வந்தார், கயிற்றுக்குள் புகுந்தார், நிமிர்ந்தார். கேன் என்ற இராட்சத மனிதர் ஒரே தள்ளலில் வெளியே அனுப்பினார். அன்று அறிவிக்கப்பட்ட நேரம் 1.9 செக்கன். 1989 இல் வோர்லோர்ட் என்பவர் 2 செக்கனில் வெளியேறியதுதான் அதுவரை இருந்த சாதனை. தான் இன்னும் ஆயத்தமாகவில்லை என்று சன்ரீனோ நடுவர்களிடம் கத்திக்கொண்டு நின்றார். 454 நாள் சாதனையை முறியடிக்க முடியாதவர் 2 செக்கன் சாதனையை முறியடித்தார். இதை எழுதிக் கொடுத்தவருக்கும் ஒரு பாராட்டுக் கொடுக்கத்தான் வேண்டும்.

இதில் கவனிக்கவேண்டியது அந்த 1.9 செக்கனுக்குள் இருக்கிற வேலை. ஓடி வந்த வேகம் குறையாமல், தள்ளுபவரின் கைக்குள் சரியான கோணத்தில் போய்ச் சேர்ந்து, கயிற்றுக்கு மேலால் உருண்டு, வெளியே தரையில் காயமில்லாமல் விழவேண்டும். அதே நேரம் விழுவது தற்செயல்போல் தெரியவேண்டும், சிரிப்பும் வரவேண்டும். ஜூடோவில் பழகத் தொடங்கும் பிள்ளைக்கு முதலில் விழத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். அந்தப் பயிற்சி இல்லாதவர் இந்தப் பகிடியைச் செய்தால் கழுத்து முறியும்.

எல்லாப் பகிடியும் நல்ல பகிடி என்று சொல்ல மாட்டோம். 2009 ஏப்ரலில் ஹியூஸ்ரன் நகரில் நடந்த ரெஸில்மேனியாவில் 25 பெண் மல்லர்களுக்கான சண்டை வைத்தார்கள். பழைய நாட்களில் புகழ்பெற்ற பெண்கள் பலர் அதற்காகத் திரும்பி வந்தார்கள். அவர்களைத் தனித்தனியாக அறிமுகம் செய்யக்கூட நேரம் ஒதுக்கவில்லை. கடைசியில் வென்றது சன்ரீனோ, பெண் வேடத்தில், ‘இரட்டைச் சகோதரி சன்ரீனா’ என்ற பெயரில். அன்று சிரித்த பிள்ளைகளே, இப்போது பெண் பிள்ளைகளைப் பெற்ற பிறகு, அதை நினைத்து முகம் சுளிக்கிறார்கள். அது நடிகரின் தவறு என்பதைவிட, பெண்களின் சண்டையை இடைவேளைபோல் நடத்திய நிறுவனத்தின் தவறு.

இனி உச்சரிப்பு விசயம். இதைப் பற்றி எமது வீடுகளில் ஒருநாளும் வெளிப்படையாகப் பேசியதில்லை.

அமெரிக்க மல்யுத்தத்தில் வெளிநாட்டுக்காரருக்கு நெடுங்காலமாக இரண்டு வேடங்கள்தான். ஒன்று எதிரி, மற்றது கோமாளி. எண்பதுகளில் ஈரானியர் அயர்ன் ஷீக்காக வந்து அமெரிக்கக் கொடியைப் பழித்தார். கனடாவுக்குக் குடிபெயர்ந்த பஞ்சாபியரான ரைகர் ஜீத் சிங் யப்பானில் வாளுடன் வந்து சனத்தை விரட்டினார். அதே மனிதரின் பெயரில் இன்று ஒன்ராறியோவின் மில்ற்றன் நகரில் ஒரு பாடசாலை இருக்கிறது. சன்ரீனோவுக்குக் கிடைத்தது கோமாளி வேடம். அவர் வேடமிட்டது ஆங்கிலம் சரியாகப் பேச வராத குடியேறியவரை. வேலைக்குப் போன இடத்தில் மேலாளர் சொன்னதை இரண்டாம் தரம் கேட்கவேண்டியிருந்த எவருக்கும், பிள்ளையின் ஆசிரியரோடு பேசப் போகும்போது பிள்ளையையே மொழிபெயர்க்க வைத்த எவருக்கும், இந்தச் சிரிப்பு முதலில் கொஞ்சம் குத்தத்தான் செய்யும்.

ஆனால் கரெல்லி யாருடைய உச்சரிப்பை எடுத்தார் என்பதையும் பார்க்கவேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இத்தாலியர்கள் பெருந்தொகையாக ரொறன்ரோவுக்கு வந்தார்கள். போர்க் காலத்தில் இத்தாலியக் கனடியர் நூற்றுக்கணக்கானோர் விசாரணையின்றித் தடுப்பு முகாமில் இருந்தவர்கள். பின்னர் வந்தவர்கள் இந்த நகரத்தின் வீதிகளையும் நிலக்கீழ்க் குழாய்களையும் வெட்டினார்கள். 1960 மார்ச் 17 அன்று ஹொக்ஸ் ஹொலோ என்ற இடத்தில் நிலத்துக்கடியில் வேலை செய்துகொண்டிருந்த ஐந்து இத்தாலியத் தொழிலாளர்கள் தீயிலும் புகையிலும் சிக்கி இறந்தார்கள். அதன் பிறகுதான் ஒன்ராறியோவில் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்கள் திருத்தப்பட்டன. அந்த மனிதர்களின் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரித்தவர்கள் அன்று இருந்தார்கள். மிசிசாகாவில் வளர்ந்த ஓர் இத்தாலியப் பிள்ளைக்கு அந்த உச்சரிப்பு அடுப்படியிலும் உறவினர் வீட்டிலும் கேட்ட குரல். வெளியார் ஒருவர் அதைச் செய்திருந்தால் வேறு. இவர் செய்ததில் ஒரு வாஞ்சை இருந்தது. அவர் வேடமிட்ட ஆள் ஆங்கிலத்தில் தடுமாறுவான், ஆனால் ஒருபோதும் வெட்கப்பட மாட்டான். பிழையான சொல்லைத் தலை நிமிர்ந்து, உரத்துச் சொல்வான். அடுத்த வாரமும் வந்து பேசுவான்.

எமது பிள்ளைகளும் எம்முடைய ஆங்கிலத்தை எமக்குப் பின்னால் பேசிக்காட்டிச் சிரித்தவர்கள்தான். இப்போது வளர்ந்தபின் முன்னாலேயே பேசிக்காட்டுகிறார்கள். அதிலே இருப்பது ஏளனமா, வாஞ்சையா என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டாவதுதான் என்று நம்புகிறோம். ஆனால் எல்லா வீட்டுக்கும் சேர்த்து எம்மால் பதில் சொல்ல முடியாது.

இனி அந்தப் பாம்பு. மல்லர் ஒவ்வொருவருக்கும் சண்டையை முடிக்கும் ஓர் அடி இருக்கும். ஒருவர் தலையை நிலத்தில் மோதுவார், ஒருவர் மூலையிலிருந்து பாய்வார். சன்ரீனோவின் முடிவடி, விரல் நுனிகளால் எதிராளியின் தொண்டையில் ஒரு குத்து. வலுவான மனிதர்கள் அதற்கு மரம்போல் சாய்வார்கள். அந்த அடிக்கு முன்னர் கை தன்பாட்டில் பாம்பாக மாறும். சன்ரீனோவே அதைப் பார்த்துத் திடுக்கிடுவார். பின்னாளில் அதற்குப் பாம்புக் கண்ணும் நாக்கும் வைத்த பச்சை உறையொன்றை மாட்டினார். இதைவிட முட்டாள்தனமான அடி இருக்க முடியாது. ஆனால் பாடசாலை முற்றத்தில் எந்தப் பிள்ளையும் யாருக்கும் நோகாமல் செய்யக்கூடிய ஒரே அடி இதுதான் என்பதை யோசித்தால், அது எப்படி வீட்டுக்கு வீடு பரவியது என்பது விளங்கும். அவர் மேடைக்கு வரும்போது ஒலித்த இசையின் இத்தாலியத் தலைப்புக்கு ‘வெற்றி எனதே’ என்று பொருள். கைகளைச் சந்தத்துக்கு வீசிக்கொண்டு அவர் நடந்து வரும் அந்த நடையையும் பிள்ளைகள் விடவில்லை.

இவ்வளவோடு முடிந்திருந்தால் அவர் ஒரு நல்ல கோமாளி, அவ்வளவுதான். பிள்ளைகள் குரல் மாறிப் பேசுவது இரண்டு இரவுகளைப் பற்றி.

முதலாவது 2011 ஜனவரி 30, பொஸ்ரன். அந்த வருட ரோயல் ரம்பிளில் வழக்கமான முப்பதுக்குப் பதிலாக நாற்பது பேர். வெல்பவருக்கு ரெஸில்மேனியாவில் உலகப் பட்டத்துக்கான சண்டை கிடைக்கும். கடைசியில் அல்பேர்ரோ டெல் ரியோ மேடையில் தனியாக நின்று கையைத் தூக்கினார். ஆனால் வெற்றி மணி அடிக்கவில்லை. சன்ரீனோ முன்பே வெளியே விழுந்து கிடந்தவர்; மேல் கயிற்றுக்கு மேலால் எறியப்படாததால் விதிப்படி அவர் இன்னும் ஆட்டத்தில் இருந்தார். எல்லாரும் அவரை மறந்துவிட்டார்கள், பார்வையாளர்கள் உட்பட. பின்னால் மெதுவாக ஏறி உள்ளே வந்தார். அரங்கம் அவரைக் கண்டது. அந்தச் சத்தத்தை இன்றும் ஒளிப்பதிவில் கேட்கலாம். முதலில் சிரிப்பு. பிறகு அது வேறொன்றாக மாறுகிறது. டெல் ரியோ திரும்ப, கோப்ரா பாய, அவர் சாய்ந்தார். சில செக்கன்களுக்கு அந்த அரங்கில் இருந்தவர்கள், இரண்டு வருடத்துக்கு முன் 1.9 செக்கனில் வெளியே போன மனிதர் இதை வென்றுவிடுவார் என்று உண்மையாகவே நினைத்தார்கள். தூக்கி எறியப் போனார். டெல் ரியோ சமாளித்து அவரையே எறிந்துவிட்டார்.

இரண்டாவது 2012 பெப்ரவரி 19, மில்வாக்கி. எலிமினேஷன் சேம்பர் என்பது இரும்புக் கூட்டுக்குள் ஆறு பேர் மோதும் சண்டை. பட்டம் டானியல் பிரையனிடம் இருந்தது. ராண்டி ஓட்டன் காயப்பட்டதால் அவருடைய இடம் வெறுமையாகி, அதற்காக நடந்த போட்டியில் வென்று சன்ரீனோ உள்ளே வந்தார். இட நிரப்பி. பதிலாள். எம்மில் எத்தனை பேர் முதல் வேலையைப் பெற்றது யாரோ ஒருவர் சுகவீனமாகி வராத நாளில்! அந்தக் கூட்டுக்குள் ஏழடி உயரப் பிக் ஷோவும் அவரைவிட உயரமான காளியும் இருந்தார்கள். ஒவ்வொருவராக வெளியேற, கோடி ரோட்ஸையும் வேட் பரெற்றையும் சன்ரீனோவே அமத்தி வெளியேற்றினார். கடைசியில் இரண்டே பேர். சன்ரீனோவும் பிரையனும்.

அங்கேயும் கோப்ரா பாய்ந்தது. பிரையன் சாய்ந்தார். நடுவர் நிலத்தில் அடித்து எண்ணினார்: ஒன்று, இரண்டு. மூன்றுக்குச் சற்று முன்னர் பிரையன் தோளை உயர்த்தினார். அரங்கமே எழுந்து நின்றது. சற்று நேரத்தில் பிரையன் தன் கைப்பூட்டுக்குள் அவரை மடக்க, சன்ரீனோ பணிந்தார்.

முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டது என்று எல்லாருக்கும் தெரியும். சன்ரீனோ வெல்லப்போவதில்லை என்பதும் தெரியும். பிறகு ஏன் எழுந்து நின்றார்கள்? எமக்குப் படுகிற காரணம் இதுதான். நாயகன் மூன்றாவது எண்ணுக்கு முன் எழும்புவது எதிர்பார்த்தது. கோமாளி வெல்லும் நிலைக்கு வந்தால், எழுதி வைத்த முழுக் கணக்குமே பிழைத்துவிடும் போலத் தோன்றும். ஐந்து வருடமாக ஒவ்வொரு திங்களும் தோற்றுத் தோற்றுச் சேர்த்த அன்பு முழுவதையும் அந்த ஓர் எண்ணிக்கையில் சனம் திருப்பிக் கொடுத்தது. அவருடைய தோல்விகள் சேமிப்புக் கணக்கில் கிடந்த காசு என்பது அன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த ஆண்டுகளில் எமது பிள்ளைகளுக்கு நாம் வீட்டில் என்ன சொல்லிக்கொண்டிருந்தோம்? முதலாம் பிள்ளையாக வரவேண்டும், மருத்துவம், பொறியியல், நாம் பட்ட பாட்டுக்குப் பலன். அதைச் சொன்னதில் நியாயம் இருந்தது. இழந்ததை வேறு எப்படி ஈடு செய்வது என்று எமக்குத் தெரியவில்லை. அதே பிள்ளைகள் திங்கள் இரவு, முதலாவதாக வரவே முடியாத ஒருவருக்காகக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா இரவு வேலை முடித்து வந்து, படியில் சப்பாத்தைக் கழற்றும் சத்தம் கேட்டதும் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டுப் பார்த்தார்கள். அப்பாவும் ஒரு நடுவரிசைக்காரர்தான் என்பது அவர்களுக்கு எமக்கு முன்பே தெரிந்திருக்கலாம்.

மில்வாக்கிக்கு இரண்டு வாரம் கழித்து, 2012 மார்ச் 5 அன்று, அதே பொஸ்ரனில் ஜாக் ஸ்வாகரை வென்று சன்ரீனோ யுனைற்றட் ஸ்ரேற்ஸ் பட்டத்தைப் பெற்றார். ஓகஸ்ட் 19 வரை வைத்திருந்தார். எண்ணிப் பார்த்தால் 167 நாட்கள். ஹொங்க்-அ-மீற்றர் இல்லாத நேரத்தில் அதன் எண்ணிக்கை இரட்டிப்பாகியது. பட்டத்தைப் பறித்தவர் அன்ரோனியோ செசாரோ என்ற சுவிஸ்காரர், பெரிய நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்னான இலவச ஒளிபரப்பில். நடுவரிசைக்காரருக்கு அதுதான் நேரம்.

கழுத்துக் காயம் பிறகு விடவில்லை. 2014 யூலையில் ரொறன்ரோவில் நடந்த நிகழ்ச்சியில் மேடையில் நின்று, இனிச் சண்டை போடமுடியாது என்று அவரே அறிவித்தார். தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகாத, ரிக்கற் வாங்கிப் போனவர்கள் மட்டும் பார்த்த நிகழ்ச்சி அது. அவருடைய வீடு அங்கிருந்து அரை மணித்தியால ஓட்டம்.

அதற்கு முதல் வருடமே மிசிசாகாவில் பயிற்சிக்கூடம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். பெயர் பற்றில் ஆர்ட்ஸ்; யப்பானில் தான் படித்த கூடத்தின் நினைவாக வைத்தது. அங்கே அவருக்குக் கற்பித்த யூக்கி இஷிகாவாவை மிசிசாகாவுக்கே அழைத்து வந்து பயிற்சியாளராக வைத்தார். 2023 முதல் ரி.என்.ஏ என்ற இன்னொரு மல்யுத்த நிறுவனத்தின் நிகழ்ச்சிகளில் கோட்டுப் போட்ட அதிகாரியாக, அதே உடைந்த ஆங்கிலத்துடன் திரையில் வந்தார். அவருடைய மகளும் அரியானா கிரேஸ் என்ற பெயரில் டபிள்யூ.டபிள்யூ.ஈ நிறுவனத்தில் மல்லராக இருக்கிறார். பெற்றோரின் வேலைக்குள் பிள்ளை வந்த கதை இத்தாலியர்களிடமும் உண்டு போல.

அந்த மில்வாக்கிச் சண்டையின் கடைசி ஐந்து நிமிடங்களைப் பிள்ளைகளோடு இருந்து ஒருமுறை பாருங்கள். ஒளிப்பதிவை எங்கே தேடுவது என்று அவர்களுக்குத் தெரியும். முடிவும் அவர்களுக்குத் தெரியும். நடுவர் இரண்டு என்று எண்ணும்போது திரையை விட்டுவிட்டு அவர்களின் முகத்தைப் பாருங்கள்.